தடைத்திறன் லொக் கோணலாக வந்தால் எங்கே பார்ப்பது: மலையகக் குழாய்க்கிணறுகளுக்கு

ஹட்டன், தலவாக்கலை, வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் தோட்டத்துக்குக் குழாய்க்கிணறு தோண்டிய கையோடு புரோப் (மின்வாய்கள் பூட்டிய அளக்கும் கோல்) இறக்கித் தடைத்திறன் லொக், அதாவது ஆழத்துக்கு ஆழம் பாறை மின்னோட்டத்தை எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும் கோடு, எடுக்கும் தம்பிமாருக்காக இதை எழுதுகிறேன். கோடு கோணலாக வந்தால் ஒன்று கருவி பழுது என்கிறார்கள், இல்லாவிட்டால் “இந்தப் பக்கத்துப் பாறையே அப்படித்தான்” என்று முடித்துவிடுகிறார்கள். நான் பார்த்த வரையில் பெரும்பாலான நேரம் கருவியும் நல்லது, பாறையும் வழக்கமான பாறைதான். நாம் நினைத்த பாதையில் மின்னோட்டம் போகவில்லை, அவ்வளவுதான். அதனால் கீழே எந்த அறிகுறியைப் பார்த்தாலும் ஒரே கேள்வியோடு தொடங்குங்கள்: மின்னோட்டம் எந்த வழியால் போய் எந்த வழியால் திரும்புகிறது?

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புரோப்பில் ஏ என்ற மின்வாய் மின்னோட்டத்தை விடுகிறது, அது பி வழியாகத் திரும்புகிறது. “எம்”, “என்” என்ற மற்ற இரண்டு மின்வாய்களுக்கும் இடையில் உள்ள வோல்ற்றளவை செட் (அளக்கும் கருவி) பார்க்கிறது. நம் கைக்கு வரும் பெரும்பாலான நோர்மல் வகை செட்களில் ஏயும் எம்மும் புரோப்பில் இருக்கும், பி என்பது கேபிளின் இரும்புக் கவசமே, “என்” என்பது தரையில் அடிக்கும் முளை. வோல்ற்றளவை மின்னோட்டத்தால் வகுத்து, 4 × 3.14 × ஏ–எம் தூரத்தால் பெருக்கினால் வருவது தோற்றத் தடைத்திறன். ஏ–எம் தூரம் 16 அங்குலம் என்றால், அதாவது 0.406 மீற்றர் என்றால், பெருக்கி 5.1. 64 அங்குலத்துக்கு, அதாவது 1.626 மீற்றருக்கு, 20.4. இந்த இரண்டு எண்ணையும் கொப்பியின் மட்டையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். “தோற்ற” என்ற சொல்லையும் விட்டுவிடாதீர்கள். சுற்றிலும் ஒரே பாறை முடிவில்லாமல் இருந்தால் மட்டும் அந்தக் கணக்கு சரி. கிணற்றுக்குள் தண்ணீர் இருக்கிறது, பாறை மாறுகிறது, மேலே மண் சரியாமல் போடும் கேசிங் குழாய் இருக்கிறது, ஆகவே வருகிற எண் எப்போதும் ஒரு கலவைதான்.

இந்த வேலை பிறந்தது எண்ணெய்க் கிணற்றில். 1927 செப்டெம்பர் 5 அன்று பிரான்சின் அல்சாஸ் பகுதியில், பெஷல்புரோன் எண்ணெய் வயலில், ஷ்லம்பர்ஜர் சகோதரர்களின் ஆட்கள் ஹென்றி டோல் தலைமையில் முதல் மின் லொக் எடுத்தார்கள். நிறுத்தி நிறுத்தி அளந்து, கையால் வரைந்த கோடு அது. இன்று கையில் கிடைக்கும் கையேடுகளில் பாதி எண்ணெய்க்காரருக்காக எழுதியவை, அங்கேதான் முதல் குழப்பம் வருகிறது. அவர்களுக்கு உப்புத் தண்ணீர் நிறைந்த மணற்கல் தாழ்வாகக் காட்டும், எண்ணெயோ எரிவாயுவோ மின்னைக் கடத்தாததால் அது இருக்கும் இடம் உயர்வாகக் காட்டும், ஆகவே உயர்ந்த கோட்டைக் கண்டால் கொண்டாட்டம். மன்னார்க் கடல் படுகையில் 2011 இல் டொராடோ, பராகுடா கிணறுகளில் எரிவாயு கண்டதுபோல ஒன்று இங்கே வரப் போவதில்லை. நம் மலைநாட்டில் இருப்பது சார்னொகைட், கார்னட் உள்ள நைஸ், குவாட்சைட், அங்கங்கே சலவைக்கல். உயர்ந்த கோடு என்றால் வெடிப்பில்லாத கட்டிப் பாறை. நாம் தேடுவது அந்த உயர்வுக்குள் திடீரென்று விழுகிற பள்ளத்தை.

“கோடு மேலே ஒட்டிக்கொண்டு நிற்கிறது, இல்லாவிட்டால் கண்டபடி குதிக்கிறது”

முதலில் தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். நோர்மல் புரோப்புக்கு மின்வாயும் பாறையும் தண்ணீரால் தொட்டுக்கொள்ள வேண்டும், காற்றில் தொங்கினால் சுற்றே இல்லை. கம்பரசரால் ஊதி முடித்த கிணற்றில் தண்ணீர் மெதுவாகத்தான் ஏறும், சில நேரம் ஒரு இரவு வேண்டும். மட்டம் அளக்கும் நாடாவை இறக்காமல் புரோப்பை இறக்கக்கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

தண்ணீருக்குள் போன பிறகும் அப்படியே இருந்தால் பலர் மறக்கிற ஒன்று இருக்கிறது. புரோப்புக்கு மேலே சில மீற்றருக்குக் கேபிளை இன்சுலேட் பண்ணி விட்டிருப்பார்கள். பத்து மீற்றர் வரை இருக்கலாம், உங்கள் செட்டின் கையேட்டில் பாருங்கள். அந்த நீளத்துக்கு மேலேதான் வெறும் கவசம், அதுதான் பி. புரோப் தண்ணீருக்குள் மூன்று மீற்றர் போயிருக்கும், கவசம் இன்னும் காற்றில் தொங்கும், திரும்பும் வழியே கிடையாது. இன்சுலேட் பண்ணின நீளம் முழுவதும் மூழ்கும் வரை வருகிற எண்ணுக்கு எந்த அர்த்தமும் இல்லை, அதை அறிக்கையில் வெட்டிவிடுங்கள். தோட்டத்து ஐயா “மேல் பத்து மீற்றர் எங்கே?” என்று கேட்பார், கேட்கட்டும்.

அடுத்தது கேசிங். பீ.வி.சி கேசிங்குக்குள் தண்ணீர் நிறைந்திருந்தாலும் பக்கவாட்டில் மின்னோட்டம் வெளியே போகாது, அளக்கப்படுவது குழாய்க்குள் இருக்கும் தண்ணீர்தான். இரும்புக் கேசிங்கில் இதற்கு நேர் எதிர், இரும்பே எல்லாவற்றையும் விழுங்கிக் கோட்டைப் பூச்சியத்தில் படுக்க வைக்கும். இரண்டிலும் பாறையைப் பற்றி ஒன்றும் தெரியாது. நம் பக்கத்தில் சிதைந்த மண் தடிப்பாக இருப்பதால் கேசிங் சில கிணற்றில் முப்பது மீற்றருக்கும் போகும். அந்தப் பகுதிக்குத் தடைத்திறன் லொக் கேட்டு வருகிறவருக்கு முடியாது என்று நேரடியாகச் சொல்லிவிடுவது நல்லது. கேசிங் போடுவதற்கு முன்னால் வெறும் மண்ணில் புரோப்பை இறக்குவோம் என்று யாராவது யோசனை சொன்னால் மறுத்துவிடுங்கள். சிதைந்த மண் சரிந்து புரோப்பைப் பிடித்தால் கிணறும் போகும், புரோப்பும் போகும்.

“எல்லாமே தாழ்வாக வருகிறது, கட்டிப் பாறையிலும் ஏறவில்லை”

இதில் கொஞ்சம் நேரம் செலவிடுகிறேன், ஏனென்றால் கருவியில் உண்மையான பழுது இருக்கிற இடம் இதுதான். தோண்டும்போது வெளியே வந்த தூள் மாதிரியைப் பார்த்தால் சிதையாத சார்னொகைட், அதற்கு ஆயிரக் கணக்கில் ஓம் மீற்றர் (தடைத்திறனின் அலகு) வர வேண்டும், உங்களுக்கு இருநூறு முந்நூறு என்று வருகிறது. உடனே கருவியைத் திறக்க வேண்டாம். 16 அங்குலக் கோட்டையும் 64 அங்குலக் கோட்டையும் பக்கத்தில் வைத்து, எது எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பாருங்கள்.

இரண்டும் ஒரே விகிதத்தில் இறங்கியிருந்தால் ஏக்குப் போகிற கம்பியில் கசிவைச் சந்தேகப்படுங்கள். மின்னோட்டத்தை மேலே, தரையில் அளக்கிற பழைய வகை செட்களில், கேபிள் தலைக்குள் ஈரம் புகுந்து ஏ கம்பியிலிருந்து கவசத்துக்கு நேரே கசிந்தால், அந்தக் கசிவும் பாறைக்குள் போன மின்னோட்டமாகவே கணக்கில் சேரும். வகுக்கிற எண் பெரிதானால் விடை சிறிதாகும். மின்னோட்டத்தைப் புரோப்புக்குள்ளேயே அளக்கும் புதிய வகையில் இது இப்படித் தெரியாது. அவற்றில் ஈரம் புகுந்தால் தரவு விட்டு விட்டு வரும், கடைசியில் புரோப் பேசவே பேசாது.

64 மட்டும் அதிகமாக விழுந்து, 16 ஓரளவு நன்றாக இருந்தால் திரும்பும் வழி புரோப்புக்குப் பக்கத்தில் வந்துவிட்டது என்று அர்த்தம். இன்சுலேட் பண்ணின பகுதி எங்கேயோ கேசிங் விளிம்பில் உரசிக் கிழிந்திருக்கும், அங்கே வெளியே தெரிகிற இரும்பு புதிய பி ஆகிவிடும். தூரத்தில் இருக்க வேண்டிய பி எம்முக்குப் பக்கத்தில் வந்தால் எம்மின் வோல்ற்றளவு அடிபடும், ஏயிலிருந்து தூரத்தில் இருக்கிற 64 க்குத்தான் அடி பலமாக விழும். சில புரோப்களில் அது பூச்சியத்துக்குக் கீழே கூடப் போகும். தடைத்திறன் ஒருபோதும் கழித்தல் எண்ணாக இருக்க முடியாது, கழித்தலைக் கண்டால் பாறையை விட்டுவிட்டு வயரைப் பாருங்கள்.

கசிவைத் தேடுவது இப்படி. புரோப்பைக் கழற்றுங்கள். கழற்றிய பிறகுதான் மெகர் (கூடிய வோல்ற் கொடுத்து இன்சுலேசனைச் சோதிக்கும் மீற்றர்), இதை மறந்து புரோப் மாட்டியபடியே 500 வோல்ற் கொடுத்தால் உள்ளே இருக்கிற இலத்திரனியல் பலகை அங்கேயே செத்துவிடும். மேலே வின்ச் பக்கத்தில் செட்டையும் கழற்றிவிட்டு, கம்பிக்கும் கவசத்துக்கும் இடையில் மெகரைப் போடுங்கள். சில மெகா ஓமுக்கு இறங்கியிருந்தால் கேபிள் தலையைத் திறந்து, அற்ககோலால் கழுவி, நன்றாகக் காயவிட்டு, ஓ வளையத்தைப் புதிதாக மாற்றி, சிலிக்கன் கிறீஸ் பூசி மூடுங்கள். மல்டிமீற்றரில் “சரியாகத்தான் காட்டுகிறது” என்று திருப்திப்பட வேண்டாம், அதன் சின்ன பற்றரிக்கு ஈரக் கசிவு அவ்வளவாகத் தெரியாது. நுவரெலியாப் பக்கத்துப் பனியில் ஒரு இரவு வண்டிக்குள் மூடியில்லாமல் கிடந்த கேபிள் தலைக்கு இந்த வைத்தியம் கட்டாயம் வேண்டும்.

காய்ந்த பிறகு தடைப் பெட்டியால், அதாவது ஓம் அளவு தெரிந்த தடைகள் உள்ள பெட்டியால், சோதியுங்கள். தடையின் ஒரு முனையில் ஏயும் எம்மும், மறு முனையில் கவசமும் “என்” மின்வாயும். 10 ஓம் போட்டால் 16 கோடு 51 காட்ட வேண்டும், 100 ஓமுக்கு 511, 1000 ஓமுக்கு 5107. 64 க்கு 100 ஓம் போட்டால் 2043. இந்த எண்கள் வந்தால் செட்டை ஒரு குறையும் சொல்ல முடியாது, கிணற்றுக்குத் திரும்பலாம். 10 க்கும் 100 க்கும் சரியாக வந்து 1000 ஓமில் மட்டும் தட்டையாக நின்றால் உங்கள் செட்டின் உச்ச எல்லையே அதுதான். அதற்கு மேலே உள்ள பாறை எல்லாம் ஒரே உயரத்தில் வெட்டிவிட்டதுபோல வரும், அது பழுது என்று எண்ண வேண்டாம்.

“தடைப் பெட்டியில் சரி, கிணற்றில் மட்டும் ஏற மறுக்கிறது”

இது மலையகத்துக்கே உரிய பிரச்சினை என்று சொல்லலாம். நல்ல பாறையின் தடைத்திறன் பல ஆயிரம், கிணற்றுத் தண்ணீருடையது சில பத்து. 16 அங்குலம் என்பது நம் ஆறரை அங்குலக் கிணற்றின் விட்டத்தைப்போல் இரண்டரை மடங்குதான். ஏயிலிருந்து கிளம்பும் மின்னோட்டத்துக்குப் பாறைக்குள் நுழைவது கஷ்டம், தண்ணீர்த் தூணில் மேலும் கீழும் ஓடுவது சுலபம். தேயிலை மலையில் பெய்த மழை மண்ணுக்குள் இறங்காமல் கானைப் பிடித்து ஓடுவதுபோல அதுவும் கிணற்றையே பிடித்து ஓடும். பாறைக்கும் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசம் நூறு மடங்கைத் தாண்டிப் போகப் போக, பாறை எவ்வளவு உயர்ந்தாலும் கோடு அதற்கேற்ப உயராது.

இதற்கு எண்ணெய்க்காரர் கண்ட வழிதான் லாற்றரோலொக். ஏக்கு மேலும் கீழும் காவல் மின்வாய்களை வைத்து, அவற்றாலும் அதே மின்னழுத்தத்தில் மின்னோட்டம் விடுவார்கள். கிணற்று வழியே மேலும் கீழும் போக அழுத்த வித்தியாசமே இல்லாததால், நடு மின்வாயிலிருந்து வருவது பக்கவாட்டில் தகடுபோலப் பாறைக்குள் போய்த்தான் ஆக வேண்டும். உப்பான துரப்பணச் சேற்றில் தோண்டும் கிணறுகளுக்காகப் பிறந்த உத்தி அது. பாறைக்கும் கிணற்றுத் திரவத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரிதாக இருக்கும் எந்த இடத்துக்கும் பொருந்தும், ஆகவே நமக்கும் பொருந்தும். குழாய்க்கிணறுகளுக்கென்று சின்ன காவல் மின்வாய்ப் புரோப்கள் கிடைக்கின்றன, வாய்ப்பிருந்தால் அதையே இறக்குங்கள்.

“அப்படியென்றால் இண்டக்சன் புரோப் வாங்கலாமே, அதற்குத் தண்ணீரும் வேண்டாம், பீ.வி.சிக்குள்ளும் அளக்கும்” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். உண்மைதான். சுருளால் ஒரு காந்தப் புலத்தை உண்டாக்கி, பாறைக்குள் சுழலும் மின்னோட்டத்தை இன்னொரு சுருளால் பிடிக்கும் வேலை அது. எண்ணெய் கலந்த சேற்றில், மின்வாய்க்குத் தொடுகையே கிடைக்காத இடத்தில், எண்ணெய்க்காரருக்கு அதை விட்டால் வழியில்லை. ஆனால் அது அளப்பது கடத்துதிறனை. ஆயிரம் ஓம் மீற்றர் என்றால் ஒரு மீற்றருக்கு ஒரு மில்லி சீமன்ஸ்தான், கருவியின் சொந்த இரைச்சலுக்குள் காணாமல் போகிற அளவு. சில நூறு ஓம் மீற்றருக்கு மேலே அதை நம்பி ஒன்றும் சொல்ல முடியாது. கேசிங்குக்குப் பின்னால் இருக்கும் சிதைந்த மண்ணைப் பார்க்க உதவும். பாறைக்குள் காசைக் கொட்டியதுதான் மிச்சம்.

காவல் மின்வாயும் இல்லை, நோர்மல் மட்டும்தான் என்றால் 64 ஐ அதிகம் நம்புங்கள், 16 ஐ வெடிப்பு எங்கே என்று பார்க்க மட்டும் வையுங்கள். பாறையின் “உண்மைத் தடைத்திறன்” என்று எண் போட்டு அறிக்கை எழுத வேண்டாம். மேலே, கீழே, பள்ளம் இங்கே என்று எழுதினால் போதும், கிணறு போடுகிறவருக்கு அதுதான் தேவை.

“நல்ல பள்ளம் விழுந்தது, ஆனால் தண்ணீர் இல்லை”

மின்னைக் கடத்துவது எல்லாம் தண்ணீர் என்று யார் சொன்னது? இந்தப் பாறைகளில் பென்சில்கரி இருக்கிறது. போகலையிலும் கஹட்டகஹவிலும் சுரங்கம் வைத்துத் தோண்டும் அளவுக்கு நரம்பாகக் கிடக்கிறது, கார்னட்டும் சிலிமனைட்டும் உள்ள நைஸில் மெல்லிய செதிள்களாகப் பரவியும் கிடக்கும். செதிள்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் காய்ந்த பாறையிலும் கோடு குப்புற விழும். தூள் மாதிரியை விரலில் தேய்த்துப் பாருங்கள், கறுப்பாக வழுவழுவென்று ஒட்டினால் சந்தேகம் சரிதான். தன்னழுத்தக் கோடும் (நாம் மின்னோட்டம் விடாமலே கிணற்றுக்குள் இயற்கையாக இருக்கும் வோல்ற்றளவின் கோடு) எடுத்திருந்தால் அதே ஆழத்தில் பெரிய கழித்தல் பக்கச் சரிவு தெரியலாம், சாதாரண வெடிப்பில் அவ்வளவு பெரிதாக வராது.

களியும் இப்படித்தான் ஏமாற்றும். இதில் எண்ணெய்ப் புத்தகத்தை அப்படியே பின்பற்றினால் மாட்டிக்கொள்வீர்கள். 1942 இல் ஆர்ச்சி எழுதிய சமன்பாடு, பாறையின் தடைத்திறனை அதிலுள்ள தண்ணீரின் தடைத்திறனோடும் நுண்துளைகளின் அளவோடும் இணைக்கிறது. மணியான சமன்பாடு, ஆனால் களியில்லாத சுத்தமான மணற்கல்லுக்கு. அங்கே தண்ணீர் கடும் உப்பு, ஆகவே மின்னோட்டத்தில் பெரும்பங்கு தண்ணீர் வழியாகவே போகும். நம் மலைத் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, தண்ணீர் கடத்துவது சொற்பம், களித் துணிக்கைகளின் மேற்பரப்பில் ஓடும் மின்னோட்டம் அதை மிஞ்சிவிடும். அந்த எண்ணை ஆர்ச்சியின் சமன்பாட்டில் போட்டால் இல்லாத துளையும் இல்லாத தண்ணீரும் வந்து நிற்கும். சிதைந்த பாறையும் களி அடைத்த பழைய வெடிப்பும் தண்ணீர் தராமலே தாழ்வாகக் காட்டும் காரணம் இதுதான்.

ஆகவே பள்ளத்தைக் கண்டதும் பம்பு எங்கே வைப்பது என்று பேசத் தொடங்காமல், துரப்பணக்காரரின் கொப்பியைக் கேளுங்கள். எந்த ஆழத்தில் தூள் ஈரமானது, எந்த ஆழத்தில் ஊதும்போது தண்ணீர் கூடியது என்று அதில் இருக்கும். பள்ளமும் தண்ணீர் கூடிய ஆழமும் ஒத்துப்போனால் பேசலாம். விட்டம் அளக்கும் புரோப்பும் இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் கிணற்றுச் சுவர் உடைந்து குழியான இடமும் தாழ்வாகத்தான் காட்டும்.

“மெல்லிய இடத்தில் கோட்டின் உருவமே தலைகீழ்”

நோர்மல் புரோப்பின் பிறவிக் குணம் இது. ஏ–எம் தூரத்தை விட மெல்லிய கட்டிப் பாறைப் பட்டை ஒன்று சிதைந்த பாறைக்கு நடுவில் இருந்தால், 64 கோடு அதை உயரமாகக் காட்டாமல் பள்ளமாகக் காட்டும், பள்ளத்தின் இரண்டு பக்கமும் சின்ன கொம்பு முளைத்திருக்கும். அதே இடத்தில் 16 கோடு ஒழுங்காக உயர்ந்திருக்கும். இரண்டும் எதிரெதிராகப் போனால் மெல்லிய பட்டை என்று எடுத்துக்கொள்ளுங்கள், 16 ஐ நம்புங்கள். தடித்த பட்டையிலும் ஒரு கணக்கு இருக்கிறது: உயர் தடைத்திறன் பட்டையை நோர்மல் கோடு ஏ–எம் தூரம் அளவுக்கு ஒல்லியாகக் காட்டும், தாழ்ந்த பட்டையை அதே அளவு தடிப்பாகக் காட்டும். ஒரு சாண் வெடிப்பை 64 கோட்டில் பார்த்து “இரண்டு மீற்றர் தண்ணீர்ப் படுகை” என்று எழுதிய அறிக்கைகளைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன், பிறகு அதை நம்பிப் பம்பு வாங்கியவர்களை நினைத்தால் சிரிப்பு நின்றுவிடும்.

“கோடு நடுங்குகிறது”

ஜெனரேற்றரை நிறுத்திவிட்டுப் பற்றரியில் ஒரு தரம் ஓட்டிப் பாருங்கள். நடுக்கம் நின்றால் கதை முடிந்தது. நிற்காவிட்டால் சுற்றிப் பாருங்கள்: தேயிலை பெக்டரி பக்கத்தில் இருக்கிறதா, மேலே மின்கம்பி போகிறதா. வாட்டும் தட்டுகளின் விசிறியும் ரோலரும் ஓடும்போது தரையில் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் அலைந்து திரியும். “என்” முளையை பெக்டரியின் எர்த் கம்பிக்குப் பக்கத்திலோ கேசிங் ஓரத்திலோ அடித்தால் அதையெல்லாம் நீங்களே வீட்டுக்கு அழைத்த மாதிரி. முளையைத் தள்ளி, ஈரமான மண்ணில், ஆழமாக அடியுங்கள், காய்ந்த சரளையில் அடித்துவிட்டு உப்புத் தண்ணீர் ஊற்றாமல் போகாதீர்கள். செட்டில் அளக்கும் அதிர்வெண்ணை மாற்ற முடியுமானால் 50 க்கும் அதன் மடங்குகளுக்கும் தள்ளி வையுங்கள். பெக்டரி ஐயாவிடம் கேட்டு விசிறி நிற்கும் நேரத்தில் வேலையை முடிக்கிறவர்களும் உண்டு.

பற்றரியை நேரே போட்டு நேர் மின்னோட்டத்தில் அளக்கப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மின்வாயில் முனைவாக்கம் (மின்னூட்டம் தேங்குவது) ஏறிக் கோடு மெல்ல மெல்ல நகரும். அதனால்தான் செட்கள் திசையை மாற்றி மாற்றித் தாழ்ந்த அதிர்வெண்ணில் மின்னோட்டம் விடுகின்றன.

ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் மத்தியானத்துக்குப் பிறகு கோட்டில் ஊசி ஊசியாக ஏறினால் காரணம் தேட வேண்டாம். தூரத்தில் இடி. புரோப்பை மேலே எடுங்கள், கேபிளைக் கழற்றுங்கள், வண்டிக்குள் போங்கள். மலை உச்சியில் கிணற்றுக்குள் இறக்கிய இரும்புக் கேபிளைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பதற்கு அது நேரமில்லை.

“இறக்கும்போது ஒரு ஆழம், ஏற்றும்போது வேறு ஆழம்”

அளக்கும் சக்கரத்தில் சேறு, அல்லது கேபிள் நழுவுகிறது. துணியால் துடைத்துக்கொண்டே ஏற்றுங்கள். லொக்கை எப்போதும் ஏற்றும்போதே எடுங்கள், கேபிள் இழுவையில் இருப்பதால் ஆழம் நிதானமாக வரும். மேலே வந்ததும் பூச்சியம் பூச்சியமாக இல்லாவிட்டால் எவ்வளவு பிசகு என்று அறிக்கையில் எழுதுங்கள்.

“நேற்று எடுத்ததும் இன்று எடுத்ததும் ஒத்துவரவில்லை”

நேற்று துரப்பணம் முடிந்த கையோடு எடுத்திருந்தால் கிணற்றில் இருந்தது வெளியிலிருந்து ஊற்றிய தண்ணீரும் நுரையும். இன்று இருப்பது பாறையிலிருந்து வந்த தண்ணீர். கடத்துதிறன் வேறு, கோடும் வேறு. எப்போதும் தண்ணீரின் கடத்துதிறனை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், 10,000 ஐ அந்த எண்ணால் (ஒரு சென்ரிமீற்றருக்கு இத்தனை மைக்ரோ சீமன்ஸ்) வகுத்தால் தண்ணீரின் தடைத்திறன் ஓம் மீற்றரில் கிடைக்கும். 200 என்றால் 50.

இதற்குள் ஒரு பொறி இருக்கிறது. கையில் பிடிக்கும் மீற்றர்கள் பெரும்பாலும் தாமாகவே 25 பாகை செல்சியஸுக்குத் திருத்திக் காட்டும். நுவரெலியாவில் கிணற்றுத் தண்ணீர் அவ்வளவு சூடாக இருக்காது. வெப்பநிலைக்கேற்பத் தடைத்திறனை மாற்றும் ஆர்ப்ஸ் சூத்திரப்படி, 25 இல் 50 ஓம் மீற்றர் உள்ள தண்ணீர் 15 பாகையில் 64 ஆகிவிடும், ஏறத்தாழ நாலில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம். கிணற்றுத் திருத்தம், அதாவது கிணற்றுத் தண்ணீரின் பாதிப்பைக் கழிக்கும் கணக்கு, போடும்போது 50 ஐ வைத்தால் பாறைக்கு வரும் எண் முழுவதும் பிசகும். மீற்றரில் திருத்தத்தை நிறுத்திவிட்டு அளக்க முடிந்தால் அப்படியே அளங்கள், முடியாவிட்டால் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு நீங்களே கணக்குப் போடுங்கள்.

“தன்னழுத்தக் கோடு செத்துக் கிடக்கிறது”

பெரும்பாலும் சாகவில்லை, சொல்வதற்கு அதனிடம் ஒன்றும் இல்லை. எண்ணெய்க் கிணற்றில் சேற்றுத் தண்ணீருக்கும் படுகையிலுள்ள உப்புத் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசத்தால்தான் அந்தக் கோடு ஆடும். நம் கிணற்றில் உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் ஒரே நன்னீர், வித்தியாசம் இல்லை, ஆட்டமும் இல்லை. தண்ணீர் வேகமாக நுழையும் வெடிப்பில் சின்ன அசைவு தெரியலாம், பென்சில்கரியில் பெரிதாகத் தெரியலாம். இந்த இரண்டும் இல்லாமல் நேர்கோடாக இருந்தால் எம் மின்வாயை மணல் தாளால் ஒரு தரம் தேய்த்துச் சுத்தம் பண்ணி மறுபடி ஒரு ஓட்டம் ஓட்டுங்கள். அப்போதும் நேராக வந்தால் நேராகவே அறிக்கையில் போடுங்கள்.